முறைக்கத் தெரியாத ஸ்மெய்

இப்போதெல்லாம் யாரும் சும்மா காதலிப்பதில்லை. எப்படிக் காதலிப்பது என்று முதலில் படித்துவிட்டு வருகிறார்கள். பேருந்தில் ஏறினால் எதிர் இருக்கைப் பெண்ணின் கையில் ஒரு தடிப் புத்தகம். அதன் அட்டையில் கொம்பும் சிறகும் வைத்த ஒருவன் சட்டையில்லாமல் நிற்பான், பல்வலி வந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. அந்தப் பெண் பக்கத்தைப் புரட்டிப் பெருமூச்சு விடுவாள். அருகிலேயே அவள் புருஷன், சட்டை போட்டவன், மடியில் முட்டைக்கோஸை வைத்துக்கொண்டு தூங்குவான். அவனைப் பார்த்து யாரும் பெருமூச்சு விடுவதில்லை. விட்டாலும் அது வேறு பெருமூச்சு.

அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஹரலாம்பிக்கு எரிச்சல் வரும். பொறாமை என்று நினைத்துவிடக் கூடாது. அவர் வீட்டுக்கு அப்படி ஒருவன் உண்மையாகவே வந்துபோய்க்கொண்டிருந்தான். அவன் சட்டை போட்டிருப்பான். கம்பளிச் சட்டை. முதுகில் சிறகுக்கு இரண்டு ஓட்டை விட்டு ஹரலாம்பியின் மகள் மிக்லேனா பின்னிக் கொடுத்தது.

சினிவிர் ஊரில் ஸ்மெய் என்றால் எல்லோருக்கும் தெரியும். பாதி மனிதன், பாதி சிறகு முளைத்த பாம்பு. மலைக்குகையில் இருப்பான். புகைபோக்கி வழியாக நெருப்புத் துண்டாக இறங்கி அடுப்படியில் ஆளாக எழுந்து நிற்பான். ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டால் வேறொருத்தியை ஏறிட்டுப் பார்க்க மாட்டான். கோடையில் லாமியா என்னும் பூதம் ஆலங்கட்டி மேகத்தை ஓட்டிக்கொண்டு வரும்போது, மேலே ஏறிப்போய் அதோடு கட்டிப் புரளுவான். ஸ்மெய் இருக்கிற ஊரில் பிளம் மரங்கள் பிழைக்கும். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நினைக்கிற அப்பன், காட்டில் மஞ்சளாகப் பூக்கிற மூன்று செடிகளைப் பறித்து வேகவைத்து அந்தத் தண்ணீரில் மகளைக் குளிக்க வைப்பான். அந்த வாசனை ஏறினால் ஸ்மெய்க்கு அந்தப் பெண் அடியோடு மறந்துபோவாள் என்பார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஊரில் பிரிவுப்பூ என்று பெயர்.

ஹரலாம்பி அதை வேகவைக்கவில்லை. ஒக்னியான் என்ற அந்த ஸ்மெய்யை அவருக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அடுப்படி முழுக்கக் கரி. குளியலறைச் சாக்கடையில் செதில் அடைத்துக்கொள்ளும். ஆனால் மனைவி செத்துப்போனதிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்தது. அப்பனும் மகளும் சாப்பிடுவார்கள், தட்டைக் கழுவுவார்கள், விளக்கை அணைப்பார்கள். பிறகு ஒருநாள் புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தது. அன்று மிக்லேனா சிரித்தாள். நாற்பதை நெருங்கும் பெண், பள்ளிக்கூடச் சமையல்காரி, பெரிய உடம்பு. அவள் சிரித்தால் அலமாரியில் தட்டுகள் அதிரும். அந்தச் சத்தம் மறுபடி நின்றுவிடக் கூடாது. ஹரலாம்பிக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் மாவட்டத் தலைநகரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். மனித–அசுரக் காதல் தர நிர்ணயக் கழகம். வெளிநாட்டிலிருந்து வருகிற பெண்கள் புகார் செய்தார்களாம். இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து ஒரு அசுர நாயகனைத் தேடிப் போனால் அவன் வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறான், இது ஏமாற்று வேலை என்று. நாட்டின் மானம் போகிறது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. கழகத்தின் சான்றிதழ் இல்லாத அசுரன் இனிமேல் காதலன் இல்லை, உரிமையாளர் இல்லாத விலங்கு. அவனைப் பிடித்து எல்லை மலையில் இருக்கும் சரணாலயத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து யாரும் திரும்பி வருவதில்லை.

பக்கத்து வீட்டு ஸ்தோயன்கா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்ன மாமா, மாப்பிள்ளைக்குப் பரீட்சையாமே?"

"ஆமாம்."

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லுங்க. ஃபெயிலானா எல்லை வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

அப்பன், மகள், ஸ்மெய் மூவரும் கழகத்துக்குப் போனார்கள். அந்தக் கட்டடம் முன்பு புகையிலைக் கிடங்கு. பளிங்குத் தரை போட்டும் வாசனை போகவில்லை. நீள மேசைக்குப் பின்னால் தலைவி முனைவர் தெஸ்பினா உட்கார்ந்திருந்தார். மார்பில் ஸ்மெய் உருவத்தில் ஒரு வெள்ளி ஊசி. அவருக்குப் பக்கத்தில் லூபென், நாடகக் கம்பெனியில் வில்லனாக நடித்து வேலை போனவர், இப்போது முறைப்புத் துறையின் தலைவர்.

தெஸ்பினா ஒக்னியானை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர்தானா அது? சட்டை போட்டிருக்காரே!"

"வெளிய குளிருதுங்க," என்றான் ஒக்னியான்.

லூபென் தலைவியின் காதருகே குனிந்தார். ஆனால் நாடகக்காரர் குரல், மண்டபம் முழுக்கக் கேட்டது. "குளிருதுங்கறான் மேடம். நெருப்பைக் கக்கற ஜென்மம்."

"நெருப்பு வாயில இருக்குங்க. முதுகுல இல்ல," என்றான் ஒக்னியான் மரியாதையாக.

முதல் தேர்வு முறைப்பு. ஒக்னியானை ஜன்னலருகே நிற்க வைத்தார்கள். ஆயிரம் வருஷத் தனிமையை மனதில் கொண்டு, யாரோடும் பேசாமல், வெளியே வெறித்துப் பார்க்க வேண்டும். ஒக்னியான் நின்றான். பார்த்தான். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. லூபென் கையை மெல்ல உயர்த்தி, இன்னும், இன்னும் என்று சைகை காட்டினார்.

"கீழ நிக்கற நீலக் காரு யாருதுங்க?" என்றான் ஒக்னியான். "கண்ணாடி இறக்கியே கெடக்கு. மழை வரப்போகுது."

அது தெஸ்பினாவின் கார். அவர் ஓடிப்போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து உட்கார்ந்து, முறைப்பில் தோல்வி என்று அறிவித்தார்.

அடுத்தது பொறாமை. தெஸ்பினா மிக்லேனாவைக் காட்டிக் கேட்டார். "இவங்களை வேற ஒருத்தன் ஆசையாப் பாக்கறான். நீங்க என்ன செய்வீங்க?"

ஒக்னியான் யோசித்தான். நேர்மையாக யோசித்தான், நெற்றியில் செதில்கள் சுருங்கின.

"அவ செஞ்ச பீன்ஸ் சூப்பைச் சாப்பிட்டிருப்பான். பாவம், இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லுவேன்."

மிக்லேனா சிரித்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஹரலாம்பி தரையைப் பார்த்துக்கொண்டு அந்த அதிர்வைச் செருப்புக்கு அடியில் உணர்ந்தார்.

"சிரிக்கக் கூடாதும்மா," என்றார் தெஸ்பினா. "இது காதல்."

பிறகு ஆரம்பம் எப்படி என்று கேட்டார்கள். மிக்லேனா சொன்னாள். "லாமியாவோட சண்டை போட்டு இவரு சிறகு கிழிஞ்சுபோச்சு. குகையில கெடக்கறாரு, பாக்க ஆளில்லைன்னாங்க. ஒரு பானைச் சூப்பை எடுத்துக்கிட்டு ஏறிப்போனேன்."

"இவர் உங்களைத் தூக்கிட்டுப் போகலையா?"

"பானையைத்தான் வாங்கிக்கிட்டாரு. கனமா இருந்துச்சு."

மேசைக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு. தெஸ்பினா கண்ணாடியைக் கழற்றி, ஹரலாம்பியின் பக்கம் திரும்பினார். படிக்காதவரிடம் பேசுகிற மெதுவான குரலில் பேசினார்.

"பெரியவரே, எங்க கழகத்துக்கு ஒரு கொள்கை இருக்கு. பெண்ணுக்கு முழு சுதந்திரம். தன்னைக் கடத்திட்டுப் போறவனை அவளேதான் தேர்ந்தெடுக்கணும். அதுல நாங்க தலையிட மாட்டோம். ஆனா கடத்தல்னு ஒண்ணு நடந்திருக்கணும். தானா நடந்து போனா அதுக்குப் பேரு காதல் இல்ல, வருகை. வருகைக்கெல்லாம் சான்றிதழ் கொடுக்கறது சுற்றுலாத் துறை."

"அவ பானையோட போனாளே," என்றார் ஹரலாம்பி.

"அது இன்னும் மோசம்."

விட்டுப்போன கடத்தலை இப்போது நடத்திக்காட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

தேவாலயத் திருநாளன்று சினிவிர் சதுக்கத்தில் கடத்தல் நடந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. கழகத்தார் வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். பெண்கள் கைகோத்து வட்டமாக ஆட வேண்டும், நடுவில் மிக்லேனா, ஸ்மெய் வானத்திலிருந்து பாய வேண்டும். லூபென் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஏவினார். கடைசியில் ஹரலாம்பியிடம் வந்தார்.

"பெரியவரே, அவன் உங்க மகளைத் தூக்கினதும் நீங்க தரையில விழுந்து புரளணும்."

"முழங்கால் வலி."

"சரி, நின்னுக்கிட்டே கதறுங்க."

"எதுக்கு?"

"மகளைத் தூக்கிட்டுப் போறான்ல!"

"எங்கே?"

"குகைக்கு!"

"சாயங்காலம் வந்துடுவாளே. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அவதான் சமைக்கணும்."

லூபென் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். "பெரியவரே, கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உங்க ஒரே பொண்ணு. அசுரன். இனிமே நீங்க அவளைப் பாக்கவே போறதில்ல. என்ன தோணுது?"

"அதைத்தானே நீங்க செய்யப் போறதாச் சொல்றீங்க," என்றார் ஹரலாம்பி. "சான்றிதழ் இல்லைன்னா."

லூபென் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஒக்னியான் பாய்ந்தான். பாய்ந்தான் என்று சொல்ல முடியாது, இறங்கினான். குனிந்து மிக்லேனாவின் இடுப்பைப் பிடித்து, தன் முதுகு பிடித்துக்கொள்ளாமல் பார்த்து, முழங்காலை மடக்கித் தூக்கினான். ரொட்டிக்கடைக் கூரை உயரம் போயிருப்பார்கள். மிக்லேனா வீரிட்டாள்.

கழகத்தார் எழுந்து நின்று கை தட்டினார்கள். "அலறல் அருமை!" என்றார் தெஸ்பினா. "அந்தப் பயம் பாருங்க, அந்த உண்மை!"

"அடுப்புல பாலு!" என்று மறுபடி வீரிட்டாள் மிக்லேனா. "அணைக்காம வந்துட்டேன்!"

ஸ்மெய் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினான். நேராக ஹரலாம்பியின் முற்றத்தில் போய் இறங்கினான். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

லூபென் ஒலிபெருக்கியில் முடிவைப் படித்தார். "கடத்திய பெண்ணை அவள் வீட்டுக்கே கடத்தியிருக்கிறார். தந்தை துயரப்படவில்லை. கடத்தல் செல்லாது."

"உங்க ஆளு நல்ல ஆளு மாமா," என்றாள் ஸ்தோயன்கா, கூட்டம் கலைந்தபோது. "நம்ம காலத்துல நல்ல ஆளுன்னா போதும். இப்பப் போதாது போல."

ஒக்னியானைப் பயிற்சிக்கு அழைத்துப்போனார்கள். செர்ரி பழுத்தபோது போனவன் பிளம் நீலமாகத் தொடங்கியபோது திரும்பி வந்தான். புகைபோக்கி வழியாக வரவில்லை. கதவை உதைத்துத் திறந்தான். கீல் பெயர்ந்துவிட்டது. சட்டை இல்லை. மார்பில் எண்ணெய் தடவியிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் ஒரு பெட்டியோடு லூபென் வந்தார். இறுதிச் சான்றுக்கு முன்னால் வீட்டோடு தங்கிக் கண்காணிக்க வேண்டுமாம், விதி அப்படி.

"எங்கே தூங்குவீங்க?" என்று கேட்டார் ஹரலாம்பி.

"அடுப்படியில. காதல் அதிகமா அங்கேதான் தவறிப்போகுதுன்னு எங்க ஆய்வு சொல்லுது."

அன்று மிக்லேனா பீன்ஸ் சூப் வைத்திருந்தாள், காய்ந்த மிளகாயை வறுத்துப் பொடித்துப் போட்டு. ஒக்னியான் தட்டைப் பார்த்தான். பிறகு லூபெனைப் பார்த்தான். தட்டைத் தள்ளிவிட்டான்.

"எனக்கு இந்தப் பசி இல்லை," என்று அடிவயிற்றிலிருந்து உறுமினான். "என் பசி வேறு."

"தயிர் இருக்கு," என்றார் ஹரலாம்பி.

ஒக்னியானின் தொண்டை ஏறி இறங்கியது. "நீ என் உடைமை," என்று மிக்லேனாவிடம் சொன்னான், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு விட்டு, கற்றுக்கொடுத்தபடி. "நீ ஓட முடியாது."

"அருமை," என்றார் லூபென். தள்ளிவிட்ட தட்டைத் தன் பக்கம் இழுத்து ரொட்டியைத் தோய்த்தார். "இப்போ நீங்க நடுங்கணும்மா."

மிக்லேனா நடுங்கினாள்.

மறுநாள் விறகுக் கொட்டகையில் ஹரலாம்பி ஒக்னியானைத் தனியாகப் பிடித்தார். "என்னடா இது?"

"சொல்லலைன்னா அனுப்பிடுவாங்க மாமா." குரல் பழைய குரல்தான். "இன்னும் கொஞ்ச நாளு. காகிதம் கைக்கு வந்ததும் பழையபடி இருந்துக்கலாம்." பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கைல ரொட்டி ஏதாவது இருக்கா?" என்றான்.

ஹரலாம்பி பையிலிருந்த ரொட்டியைக் கொடுத்தார். நின்றபடியே தின்றான். காகிதம் வந்தால் பழையபடி ஆகிவிடும் என்று ஹரலாம்பி நம்பவில்லை. காகிதம் வந்த பிறகு எதுவும் பழையபடி ஆனதை அவர் பார்த்ததில்லை.

நாட்கள் போயின. ஒக்னியான் வேளைக்கு வேளை முறைத்தான். மிக்லேனா வேளைக்கு வேளை நடுங்கினாள். லூபென் நன்றாகச் சாப்பிட்டார். முதலில் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்குவதை ஹரலாம்பி கவனித்தார். பிறகு அடக்க வேண்டியது எதுவும் இல்லாமல் போயிற்று. தட்டுகள் அலமாரியில் அசையாமல் நின்றன.

பிறகு ஒரு பிற்பகல், மலைக்குப் பின்னாலிருந்து மேகம் வந்தது. கருப்பு இல்லை, பச்சை. அந்த நிறத்தில் வந்தால் உள்ளே லாமியா இருக்கிறது. கோழிகள் தாமாகக் கூண்டுக்குள் போயின. ஊரார் வாசலுக்கு வந்து ஹரலாம்பியின் கூரையைப் பார்த்து நின்றார்கள், எப்போதும்போல.

ஒக்னியான் எழுந்தான்.

"உக்காருங்க," என்றார் லூபென். "இது ஜன்னல் நேரம்."

"ஆலங்கட்டி வருதுங்க."

"கால அட்டவணையில சண்டை இல்ல. ஊருக்காகச் சண்டை போடறவன் ஊர்க்காவலன். அது உள்துறை அமைச்சகம். நாயகனா இருந்தா ஒருத்திக்காக மட்டும்தான் எதையும் செய்யணும். போகணும்னா போங்க, தடுக்கல. ஆனா நான் அறிக்கையில எழுத வேண்டியிருக்கும்."

ஒக்னியான் மிக்லேனாவைப் பார்த்தான். அவள் போ என்று சொன்னால் அவன் எல்லை மலைக்குப் போவான், இரு என்று சொன்னால் ஊர் அழியும். அவள் கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

ஒக்னியான் ஜன்னலுக்குப் போனான்.

ஆலங்கட்டி வால்நட் அளவில் விழுந்தது. ஓட்டுக்கூரை உடைகிற சத்தம், பிறகு கிளைகள் முறிகிற சத்தம், பிறகு ஸ்தோயன்காவின் ஆடு. ஒக்னியான் அசையாமல் நின்றான். அவன் நகங்கள் ஜன்னல் கட்டையில் இறங்கி மரம் பிளந்தது. முகத்தில் எந்தப் பாடமும் இல்லை. அப்படி ஒரு முகத்தை ஹரலாம்பி அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார், மனைவியை மண்ணுக்குள் இறக்கிய அன்று, சவரம் செய்கிற கண்ணாடியில்.

"இதுதான்!" என்று லூபென் மெல்லக் கத்தினார். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே. "இத்தனை நாளா நான் கேட்டது இதைத்தான்!"

முறைப்பில் முழு மதிப்பெண்.

சினிவிரில் அந்த வருஷம் பிளம் இல்லை. யாரும் வந்து சண்டை போடவில்லை. ஸ்தோயன்கா வேலிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். ஹரலாம்பியின் வீட்டில் சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவினார்கள், விளக்கை அணைத்தார்கள்.

சான்றிதழ் விழாவுக்கு மண்டபத்தை அலங்கரித்திருந்தார்கள். ஹரலாம்பி வாசலிலேயே நின்றுவிட்டார். மேடை முழுக்க, தூணுக்குத் தூண், நாற்காலிக்கு நாற்காலி மஞ்சள் பூ. பிரிவுப்பூ. மூன்றும் சேர்த்துக் கட்டியது. வாசனை தொண்டையில் கசந்தது. வெளிநாட்டுப் பெண்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தெஸ்பினாவைத் தேடிப் போனார்.

"மேடம், அது பிரிவுப்பூ."

"தெரியும் பெரியவரே. என் முனைவர் பட்டமே அந்தப் பூவைப் பத்தினதுதான்."

"அப்புறம் எதுக்கு வச்சீங்க?"

"மேடைக்கு மஞ்சள் எடுப்பா இருக்கும்ல." அவர் ஹரலாம்பியின் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. இது நம்ம மரபுச் செல்வம். மரபுச் செல்வம் வேலை செய்யாது. வேலை செஞ்சா அது மரபு இல்ல, மருந்து. மருந்துன்னா சுகாதார அமைச்சகத்துல அனுமதி வாங்கணும். நாங்க வாங்கல. அப்போ எப்படி வேலை செய்யும்?"

ஹரலாம்பிக்கும் அது வேலை செய்யும் என்று நிச்சயமில்லை. அவர் வேகவைத்துப் பார்த்ததில்லை. அவர் கேள்விப்பட்ட விஷயங்களில் முக்கால்வாசி பொய்யாகத்தான் இருந்தது. இருந்தாலும் மகளின் கையைப் பிடித்து, "வா, போயிடலாம்" என்றார்.

"எங்கேப்பா போறது?" என்றாள் மிக்லேனா. அவள் கண்கள் சந்தையில் அடுக்கி வைத்த மீனின் கண்களைப் போல இருந்தன. "இவ்வளவு தூரம் வந்துட்டோம்."

அவர்கள் மேடை ஏறினார்கள். யாரோ அவள் கையில் ஒரு பெரிய மஞ்சள் கொத்தைத் திணித்தார்கள். ஒக்னியான் எண்ணெய் தடவிய மார்போடு எதிரில் நின்றான். தெஸ்பினா பேசத் தொடங்கினார். காதல் என்பது கட்டுப்பாடற்ற காட்டாறு என்றும், அதைக் கழகம் சென்ற ஆண்டைவிட ஒழுங்காகப் பாய வைத்திருக்கிறது என்றும் சொன்னார். நடுவில் ஒக்னியான் தும்மினான். ஒரே ஒரு தும்மல். மூக்கிலிருந்து சின்னப் புகை வந்தது.

"இப்போது," என்றார் தெஸ்பினா, "நம் நாயகர் தம் காதலியைப் பற்றி ஒரு வார்த்தை."

ஒக்னியான் மிக்லேனாவைப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பேருந்தில் காலை மிதித்துவிட்டவளைப் பார்ப்பதுபோல, கோபமில்லாமல், பரிச்சயமும் இல்லாமல்.

"இவங்க யாருங்க?" என்றான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு. பிறகு கைதட்டல், கூரை இடிகிற மாதிரி.

"கேட்டீர்களா!" தெஸ்பினாவின் குரல் தழுதழுத்தது. "அந்த அலட்சியம்! எத்தனையோ நாயகர்கள் இந்த மேடையில் அலட்சியமாக நடித்திருக்கிறார்கள். இவர் நடிக்கவில்லை! இந்தப் பெண் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை! அவளுக்காகத் துளிகூட இளகாத இதயம். தோழிகளே, இதற்காகத்தானே நாம் பக்கம் பக்கமாகப் படித்தோம்? முதல் தரம். கழகத்தின் வரலாற்றில் முதல் முதல் தரம்!"

லூபென் எழுந்து நின்று அழுதார். ஒரு வெளிநாட்டுப் பெண் மிக்லேனாவைக் கட்டிப்பிடித்து, நீ எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று சைகையால் சொன்னாள். மிக்லேனாவின் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். அவள் ஒரு கையில் அதையும் மறு கையில் கொத்தையும் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. யாரோ தள்ளினார்கள், படி இறங்கினாள்.

வெளியே வானம் மூடியிருந்தது. மூன்று பேரும் கட்டடத்து வாசலில் நின்றார்கள். ஹரலாம்பி பேருந்து நிலையம் இருக்கிற திசையைப் பார்த்தார். ஒக்னியான் இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டு நடுங்கினான்.

"மன்னிக்கணும்," என்று மிக்லேனாவிடம் சொன்னான். "நான் உங்களோட வரணும்னு உள்ள சொன்னாங்க. எங்கேன்னு சொல்லல."

அவள் அவனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள்.

"அதோ அந்த நீலக் காரு," என்றான் அவன், பேச்சு எதுவும் கிடைக்காமல். "கண்ணாடி இறக்கியே கெடக்கு. யாராவது உள்ள போய்ச் சொன்னா நல்லது. மழை வரப்போகுது."

மிக்லேனா மெல்லத் திரும்பினாள். அவனுடைய முகத்தை, நெற்றிச் செதிலை, நனைந்துவிடப் போகும் ஒரு காருக்காகக் கவலைப்படுகிற அந்த இரண்டு கண்களை நெடுநேரம் பார்த்தாள். பிறகு படி இறங்கி நடந்துபோய், நீலக் காரின் திறந்த ஜன்னல் வழியாக மஞ்சள் கொத்தை உள்ளே எறிந்தாள். சான்றிதழையும் எறிந்தாள், ஆனால் உடனே கையை விட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அது இல்லாவிட்டால் எல்லை மலை. பாவாடையில் உள்ளங்கைகளை அழுந்தத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பீன்ஸ் சூப் சாப்பிடுவீங்களா?"

அவன் யோசித்தான். "மிளகாய் போட்டிருந்தா."

"போட்டிருக்கும்."

"நடந்தே போயிடலாமா? தூக்கணும்னா எனக்கு முதுகு..."

"தெரியும்," என்றாள் மிக்லேனா. அவள் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது.

வாசலில் தெஸ்பினா தோன்றினார். "சிரிக்கக் கூடாதும்மா!" என்று கூவினார். "சான்றிதழ் செல்லாமப் போயிடும்!"

அது சிரிப்பா இருமலா என்று ஹரலாம்பிக்குத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி எதுவும் அதிரவில்லை. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"அப்பா, நில்லுங்க! சேர்ந்தே போகலாம்!"

"நீங்க வாங்க."

"முதல்லேர்ந்து ஆரம்பிச்சா ஆச்சு. நீங்க நம்பலையா?"

"புகைபோக்கியில கரி விழட்டும்," என்றார் ஹரலாம்பி திரும்பிப் பார்க்காமல். "அப்புறம் பாக்கலாம்."

முனை திரும்பும்போது முதல் துளி அவர் கையில் விழுந்தது. தெஸ்பினா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஹரலாம்பி நீலக் காரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.